25 மில்லிமீட்டர் இரும்பு

வேகமான கார் வைத்திருப்பவர் தேய்ந்த பிரேக் டிஸ்க்கை மாற்றக் கிளம்பினால், கண் முதலில் போவது துளைகளின் மேல்தான். அலாய் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே, சுழல் சுழலாக ஓட்டை போட்ட டிஸ்க் பளபளத்தால் நிற்கிற காரே ஓடுவதுபோல் இருக்கும். அந்தக் கவர்ச்சி எனக்கும் உண்டு. ஆனால் ஒரு டிஸ்க்கில் ரசிக்கத் தக்கவை எல்லாம் சக்கரத்தை மாட்டியதும் மறைந்துபோகிற இடங்களில் இருக்கின்றன. எதை வாங்குவது என்பதையும் அங்கே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

2004-ல் வந்த ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ-யை எடுத்துக்கொள்வோம். காலையில் பள்ளிக்கூடம், அலுவலகம்; மாலையில் காய்கறிப் பை; இடையே வேக வரம்பில்லாத ஆட்டோபான் துண்டு ஒன்று. ஜெர்மனியில் இந்தக் கார் வாழும் வாழ்க்கை அதுதான். முன் டிஸ்க்கின் விட்டம் 312 மில்லிமீட்டர், கனம் 25. தேய்ந்து 22-ஐத் தொட்டால் கழற்றிவிட வேண்டும். அதாவது பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் இரும்புதான் பல்லாயிரம் கிலோமீட்டருக்கான கையிருப்பு. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு மைக்ரோமீட்டரை ஒரு மரியாதையோடுதான் கையில் எடுக்கத் தோன்றும்.

ஆளோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது வெளியாகும் வெப்பம், ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். 200-லிருந்து நின்றால் அது நான்கு மடங்கு. அதில் பெரும்பங்கு முன்னிரண்டு டிஸ்க்குகளின் தலையில் விழுகிறது. வாங்கிய சூட்டை அவை உடனே காற்றில் விட்டாக வேண்டும். அடுத்த வளைவு காத்திருக்காது.

புது டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். ஒற்றைத் தகடாகத் தெரிவது உண்மையில் இரண்டு தகடுகள். நடுவே தடுப்புச் சுவர்கள். சக்கரம் சுற்றும்போது மையத்தின் அருகே காற்று நுழைந்து, சுவர்களுக்கு இடையே ஓடி, விளிம்பில் வீசப்படுகிறது. மின்விசிறியும் இல்லை, மோட்டாரும் இல்லை. டிஸ்க்கே தனக்கு விசிறிக்கொள்கிறது. சுவர்கள் நேராக இருந்தால் இடம், வலம் இரண்டுக்கும் ஒரே உருப்படி போதும். வளைந்த சுவர் காற்றை இன்னும் நன்றாக இழுக்கும். ஆனால் இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வார்க்க வேண்டும். வெளியே போகப் போக, சுழலும் திசைக்குப் பின்தங்கிச் சாய்வதுதான் சரியான வளைவு. சில டிஸ்க்குகளின் உரசும் முகத்தில் கீறியிருக்கும் கோடுகளின் சாய்வைப் பார்த்து மாற்றி மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. கோடு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பெரிய குற்றமில்லை. உள்சுவர் திரும்பிவிட்டால் விசிறி பாதி வேலைதான் செய்யும். இத்தாலியின் பெர்கமோ அருகே 1961-ல் தொடங்கிய பிரெம்போ, சுவரையே விட்டுவிட்டுச் சிறுசிறு தூண்களை வரிசையாக நிறுத்தும் ஒரு வகையையும் வார்க்கிறது. விளிம்பு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் ஆயிரங்கால் மண்டபம்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொரு இடம். ஹப்பின் மேல் உட்காரும் நடுத்தொப்பியும், பிரேக் பேட் உரசும் வளையமும் சேர்கிற கழுத்து அது. வளையம் சில நூறு டிகிரிக்குச் சூடேறி விரியப் பார்க்கும். அவ்வளவு சூடேறாத தொப்பி விடாது. இந்த இழுபறியில் வளையம் லேசாகச் சாய்ந்து கூம்பாகிவிடும். பேட் ஒரு பக்கமாகத் தேயும். அதற்காக அந்தக் கழுத்தில் மெல்லியதாக ஒரு பள்ளம் கடைந்து வைப்பார்கள். கழுத்து கொஞ்சம் இளகிக் கொடுக்கும், பேரிங்கை நோக்கிப் போகிற சூட்டின் வழியும் குறுகும். விரல் நகத்தால் தடவினால்தான் தெரிகிற ஒரு வரி. எந்த விளம்பரத்திலும் இதைப் பற்றிப் பேச்சில்லை.

உலோகம் பழைய சாம்பல்நிற வார்ப்பிரும்புதான். எஃகு இதைவிட வலியது. ஆனாலும் இங்கே இரும்புக்குள் செதில் செதிலாகப் பரவியிருக்கும் கிராஃபைட் சூட்டைக் கடத்துகிறது, அதிர்வையும் விழுங்குகிறது. கரிமத்தைக் கூட்டி வார்த்த ‘ஹை கார்பன்’ வகையைத் தட்டிப் பார்த்தால் ஓசை சீக்கிரம் அடங்கும். காலைக் குளிரில் முதல் பிரேக்குக்குக் கீச்சிடாத டிஸ்க் தினசரிக் காருக்கு எவ்வளவு பெரிய சுகம் என்பது, தெருவே திரும்பிப் பார்க்க வண்டியை நிறுத்தியவர்களுக்குத் தெரியும்.

துளைகளுக்கு வருவோம். அந்தக் காலத்துப் பேடுகள் சூடேறினால் வாயு கக்கும். அது பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையில் சிக்கிப் பிடிமானத்தைக் குறைக்கும். அதை வெளியேற்றப் போட்டவை ஓட்டைகள். இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மழையில் முதல் பிடிக்குக் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். பதிலுக்கு, சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது விரிசல் ஒரு துளையின் விளிம்பில் தொடங்கி அடுத்த துளையைத் தேடிப் போகும். துளைபோட்டதுதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் இரண்டைப் பாருங்கள்: ஒவ்வொரு துளையும் உள்சுவர்களுக்கு நடுவே விழுகிறதா, சுவரையே குடைந்துகொண்டு போகிறதா? துளையின் வாய் மழுங்கச் சீவப்பட்டிருக்கிறதா?

கோடு கீறியவற்றில் ஃபிராங்ஃபர்ட்டில் 1906-ல் பிறந்த ஆட்டே நிறுவனத்தின் ‘பவர்டிஸ்க்’ எனக்கு உகந்தது. முறியாமல் ஓடும் ஒரே பள்ளம். தண்ணீரையும் தூசியையும் வழித்துவிடுவதோடு, தேய்மானத்தின் அளவுகோலும் அதுவே: பள்ளம் கண்ணுக்கு மறைந்தால் டிஸ்க்கின் காலம் முடிந்தது. ஒரு கோட்டுக்கு இரண்டு வேலை கொடுத்த வடிவமைப்பாளரைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. இருந்தும் என் காசு கோடும் துளையும் இல்லாத, கரிமம் கூடிய, பூச்சுள்ள டிஸ்க்குக்கே. இதே கோல்ஃபின் ஆர்32 வகையின் 345 மில்லிமீட்டர் டிஸ்க்கை ஏற்றினால் என்ன என்றும் கேட்பார்கள். ஒருமுறை சட்டென்று நிறுத்துவதற்கு எல்லை டயரின் பிடிதான். திரும்பத் திரும்பச் சூடேற்றி ஓட்டுகிறவருக்குத்தான் அந்தக் கூடுதல் இரும்பு. மற்றவர்களுக்கு அது சக்கரத்தில் சுமக்கிற எடை.

பூச்சு என்றேனே, அது தொப்பியிலும் விளிம்பிலும் உள்சுவர்களிலும் துரு ஏறாமல் காக்கும் வெளிர்சாம்பல் பூச்சு. உரசும் முகத்தில் உள்ளதைப் பேடே முதல் சில பிரேக்குகளில் துடைத்துவிடும். அந்த முகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், சாணைக்கல் விட்டுச்சென்ற குறுக்கு மறுக்கான மென்கோடுகள் தெரியும். விளிம்பில் ஓரிடத்தில் பிறைபோலச் சீவியிருந்தால் அது குறையல்ல. எடையைச் சமன்செய்ய எடுத்த இரும்பு.

மாட்டும்போது ஹப்பின் முகத்தை மினுங்கும்வரை தேய்க்க வேண்டும். அங்கே ஒட்டிய துருத்துகள் ஒன்று, விளிம்பில் பல மடங்கு தள்ளாட்டமாக வெளிப்படும். டிஸ்க்கைப் பிடிக்கும் ஒற்றைத் திருகாணியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சக்கரம் வரும்வரை டிஸ்க்கை விழாமல் தாங்குவதே அதன் வேலை. இறுக்குபவை ஐந்து வீல் போல்ட்டுகள். ஸ்டியரிங் உதறினால் பட்டறையில் உடனே “டிஸ்க் பெண்டு” என்பார்கள். பெரும்பாலும் எதுவும் வளைந்திருக்காது. சுற்றுவட்டத்தில் கனம் ஓரிடத்தில் 20 மைக்ரான் அளவுக்கு மாறியிருக்கும். கை அதை உணர்ந்துவிடுகிறது.

அந்த மாற்றத்தின் விதை பல நேரம் முதல் நாளிலேயே விழுகிறது. புது டிஸ்க்கில் முழுதாக நிறுத்தாமல், வேகத்தைப் பலமுறை மிதமாகக் குறைத்து, பேடின் பொருள் வளையம் முழுக்க ஒரே சீராகப் படியவிட வேண்டும். பிறகு சும்மா ஓட்டி ஆறவைக்க வேண்டும். சூடேறிய கையோடு சிக்னலில் நின்று பெடலை அழுத்திப் பிடித்தால் பேடின் அச்சு அங்கேயே பதியும். நியூட்ரலில் போட்டுக் கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். இந்த ஜிடிஐ-யில் அது பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும்.