மானிடவாதத்தின்மீது ஐயமும் கல்விக்கூடத்தின் சோதனையும்

1945 அக்டோபரில் பாரிஸ் நகரில் சார்த்தர் ஆற்றிய உரை, இருத்தலியலும் ஒரு மானிடவாதமே என்று வாதிட்டது. அடுத்த ஆண்டு, பிரெஞ்சு மெய்யியலாளர் ழான் போஃப்ரே, 'மானிடவாதம்' என்னும் சொல்லுக்கு மீண்டும் பொருள் தருவது எவ்வாறு என ஜெர்மன் மெய்யியலாளர் ஹைடெகரை வினவினார். அதற்கு விடையாக எழுதப்பட்டு, 1947இல் நூல்வடிவு பெற்றதே 'மானிடவாதம் பற்றிய மடல்'.

மடலின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மனிதனைப் பகுத்தறிவுள்ள விலங்கு என வரையறுத்துத் தொடங்கும் மானிடவாதம் அவனை மிகையாக உயர்த்துகிறது என்பது ஹைடெகரின் குறையன்று. அவனுடைய உண்மையான மேன்மையை அது எட்டவே இல்லை என்பதே குறை. மனிதன் உள்ளவை அனைத்துக்கும் எசமானன் அல்லன். இருப்பைக் காக்கும் மேய்ப்பன் என்கிறார் அவர். கல்வி வாழ்வையும் மடல் சாடுகிறது. சிந்தனை தன் ஊற்றை இழக்கும்போது வகுப்பறைப் பாடமாகச் சுருங்குகிறது. பின்னர்ப் பல்வேறு வாதங்களாகப் பிரிந்து ஒன்றோடொன்று போட்டியிடுகிறது. இறையியல் பயில்வோர் இக்கண்டனத்தைத் தம்மீதே பொருத்திப் பார்க்கலாம்.

ஆயினும், இதை எழுதியவர் 1933இல் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தின் ரெக்டராகி, அவ்வாண்டே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். தம் தலையாய நூலான 'இருப்பும் காலமும்' என்பதை, யூத மரபினரான தம் ஆசிரியர் ஹுஸ்ஸெர்லுக்குப் படைத்திருந்தார். 1941ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்படையல் நீக்கப்பட்டது. வதைமுகாம்களின் கொடுமை உலகுக்கு வெளிப்பட்டு ஓராண்டே கழிந்திருந்த வேளையில் எழுதப்பட்டும், அவற்றைக் குறித்து மடலில் ஒரு சொல்லும் இல்லை. மனிதனின் மேன்மையைத் தேடிய சிந்தனை, கொல்லப்பட்ட மனிதரைக் காணவில்லை.

எனவே மானிடவாதமே வென்றது எனலாமா? அவ்வாறும் கூற இயலாது. 1914 அக்டோபரில் ஜெர்மன் அறிஞர் 93 பேர் தம் நாட்டின் போரை நியாயப்படுத்தி அறிக்கை விடுத்தனர். மனிதப் பண்பாட்டின் உயர்வைப் போதித்த ஹார்னாக்கும் ஹெர்மனும் அதில் கையொப்பமிட்டனர். இவ்விருவரின் மாணவரான கார்ல் பார்த் அப்போது சுவிட்சர்லாந்தில் சாஃபன்வில் என்னும் தொழிலாளர் ஊரில் ஆயராயிருந்தார். ஆசிரியர்மீது அவர் கொண்டிருந்த நம்பிக்கை அன்று குலைந்தது. 1919இல் வெளிவந்த அவருடைய ரோமர் விளக்கவுரை அவ்வாயர் பணியின் நடுவிலேயே உருவாயிற்று.

ஆக, 1914இல் மனிதனைப் போற்றியோர் தவறினர். 1933இல் மானிடவாதத்தை ஐயுறும் சிந்தனையாளரும் தவறினார். கொள்கைகள் மாறுபட்டவை, இரண்டும் வளர்ந்த இடம் ஒன்றே. விலை கொடாமலே ஒரு கருத்தைக் கொண்டிருக்கக் கல்விக்கூடம் இடமளிக்கிறது. அக்கருத்தால் துன்புறுவோர் வகுப்பில் அமர்ந்து மறுவினா எழுப்புவதில்லை.

பார்த் விலை கொடுத்தார். ஹிட்லருக்கு நிபந்தனையற்ற உறுதிமொழி அளிக்க மறுத்ததைத் தொடர்ந்து, 1935இல் பான் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். ஆனால் அவரையும் குறையற்றவராகக் கொள்ளலாகாது. 1934இல் அவர் பெரும்பங்கேற்று உருவாக்கிய பார்மன் அறிக்கையிலும் யூதரைப் பற்றிய சொல் இல்லை. அவரே பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். கடவுளின் மானிடம் குறித்து 1956இல் அவர் ஆற்றிய உரை, கடவுளைப் பற்றிய பேச்சு மனிதனை விலக்கி நிற்கலாகாது என வலியுறுத்தித் தம் முந்தைய போக்கையே திருத்தியது.

இதனால் கல்வியைக் கைவிடுக என்பதன்று நம் கருத்து. ரோமர் விளக்கவுரையும் கடும் உழைப்பின் பயனே. பிறன் யார் என்று இயேசுவிடம் கேட்டவனும் ஒரு நியாயசாஸ்திரியே. அவன் நாடியது வரையறை. பெற்றதோ எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்த ஒருவனின் கதை. மனிதனைப் பற்றிக் கட்டுரை வரையும் மாணவரும் அருளுரை ஆயத்தம் செய்யும் ஆயரும், தம் வாதத்தை அம்மனிதனின் அருகில் வைத்துச் சோதிப்பாராக.