அமிகா காலத்தை முந்தியதா? என் பழைய வரி ஒன்றுக்குத் திருத்தம்

சில வருஷம் முன்னால் பழைய கம்ப்யூட்டர்கள் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். அதில் கமோடோர் அமிகாவுக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருந்தேன்: "காலத்தைப் பத்து வருஷம் முந்திய கம்ப்யூட்டர்." எங்கேயோ படித்ததை யோசிக்காமல் அப்படியே இறக்கி வைத்த வரி அது. அமிகா பற்றி யார் எழுதினாலும் இந்த வரி வந்துவிடும். அடுத்த வரியும் தயாராக இருக்கும்: நல்ல மெஷின், நிர்வாகம் கெடுத்துவிட்டது.

போன மாசம் எமுலேட்டரில் ஒரு அமிகா 500-ஐ ஓட்டவிட்டு, பக்கத்தில் அதன் ஹார்டுவேர் ரெஃபரன்ஸ் மேனுவலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படித்து முடித்தபோது என் வரி தப்பு என்று தோன்றியது. அமிகா காலத்தை முந்தவில்லை. 1985-க்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய வேறொரு கம்ப்யூட்டரை நான் பார்த்ததில்லை. பிரச்சினையே அந்தக் கச்சிதம்தான். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் நியாயமான பாராட்டு. 1985 ஜூலையில் நியூயார்க்கில் அமிகா 1000 அறிமுகமானது. விலை 1,295 டாலர், மெமரி 256 கிலோபைட். அன்றைக்கு ஐபிஎம் பிசியில் பெரும்பாலும் நாலு கலர். வசதி இருந்தால் பதினாறு. சத்தம் என்றால் 'பீப்'. மெக்கின்டாஷ் கறுப்பு வெள்ளை. அதே வருஷம் வந்த அட்டாரி எஸ்டியில் 512 கலரில் இருந்து 16. அமிகாவிலோ 4,096 கலரில் இருந்து 32-ஐ எடுத்துக்கொள்ளலாம். ஒரு தந்திர மோடில் 4,096-ஐயும் ஒரே படத்தில் காட்டலாம். நாலு சேனல் ஸ்டீரியோ சத்தம் வேறு. இதையெல்லாம் செய்தது மோட்டோரோலா 68000 பிராசஸர் மட்டும் இல்லை. ஜே மைனர் குழு வடிவமைத்த மூன்று சிப்கள்: அக்னஸ், டெனிஸ், பௌலா. மைனர் இதற்கு முன் அட்டாரி 2600-இன் டிவி சிப்பை வடிவமைத்தவர். இந்தத் தகவலை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றில் டெனிஸ் படத்தை வெளியே அனுப்புகிறது. பௌலா சத்தத்தையும் ஃபிளாப்பியையும் பார்த்துக்கொள்கிறது. அக்னஸ்தான் முதலாளி. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் இருப்பார் இல்லையா, எந்த வண்டி எப்போது கிளம்பணும் என்று சொல்கிறவர், அந்த வேலை அக்னஸுக்கு. இங்கே வண்டிகளுக்குப் பதிலாக மெமரியைத் தொடும் வாய்ப்புகள். டிவி திரையில் ஒரு கிடைக்கோடு வரைய சுமார் 63 மைக்ரோ விநாடி ஆகும். அந்த நேரத்தில் மெமரியை சுமார் 226 தடவை தொடலாம். மேனுவல் இதை அட்டவணை போட்டே சொல்கிறது. மெமரியைப் புதுப்பிக்க 4, ஃபிளாப்பிக்கு 3, சத்தத்துக்கு 4, ஸ்ப்ரைட் படங்களுக்கு 16, சாதாரண 16 கலர் திரைக்கு 80. மிச்சம் பிராசஸருக்கும், படத்துண்டுகளை நகர்த்தும் பிளிட்டருக்கும், திரை ஓடும்போதே கலரை மாற்றும் காப்பருக்கும்.

இதில் ஒரு அழகு இருக்கு. 68000 மெமரியை ஒன்றுவிட்டு ஒரு வாய்ப்பில்தான் தொடும். இடையில் காலியாக இருக்கும் வாய்ப்புகளை மற்ற சிப்கள் எடுத்துக்கொள்கின்றன. படம் ஓடுது, பாட்டு ஓடுது, ஃபிளாப்பி படிக்குது. பிராசஸருக்கு அது தெரியக்கூட தெரியாது. ஒரு வாய்ப்பும் வீணாகப் போகவில்லை. படித்தபோது எனக்கு நிஜமாகவே கைதட்டத் தோன்றியது.

ஆனா இந்த அட்டவணையை எழுதியது யார்? டிவி. அமிகாவின் பிராசஸர் வேகம் 7.16 மெகாஹெர்ட்ஸ். அந்த விநோதமான எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அமெரிக்க கலர் டிவி சிக்னலின் 3.58 மெகாஹெர்ட்ஸுக்குச் சரியாக இரண்டு மடங்கு. அதாவது மொத்த மெஷினும் டிவியின் இதயத்துடிப்பில் ஓடுகிறது. அட்டாரியில் டிவியோடு மல்லுக்கட்டிப் பழகிய மைனரிடமிருந்து இது வருவதில் ஆச்சரியம் இல்லை. பலனும் கிடைத்தது. வெளியே இருந்து வரும் வீடியோவோடு அமிகாவின் படத்தைச் சேர்ப்பது மற்ற கம்ப்யூட்டர்களை விட எளிது. 1990-இல் நியூடெக் கம்பெனியின் வீடியோ டோஸ்டர் அமிகா 2000-க்குள் உட்கார்ந்து சின்ன ஸ்டூடியோக்களின் வேலையைச் செய்தது இதனால்தான். 'பாபிலோன் 5' தொடரின் ஆரம்பகால விண்வெளிக் காட்சிகள் டோஸ்டரோடு வந்த லைட்வேவ் சாஃப்ட்வேரில், அமிகாக்களில் உருவானவை.

சரி, இப்போ அதே பொருத்தத்தின் மறுபக்கம்.

சத்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு சேனலுக்கு ஒரு வாய்ப்பு, ஒரு வாய்ப்பில் இரண்டு சாம்பிள். விநாடிக்கு சுமார் 15,700 கோடு. கணக்குப்படி 31,000-க்குக் கொஞ்சம் மேலே வரணும். நடைமுறை உச்சம் சுமார் 28,800. சிடியின் தரம் 44,100. சத்தத்துக்கும் டிவி கோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒரு சம்பந்தமும் இல்லை. அட்டவணையில் பக்கத்து இருக்கை, அவ்வளவுதான்.

அடுத்து திரை. 640 பிக்சல் அகலத்தில் 16 கலர் கேட்டால், கோடு ஓடும் நேரம் முழுக்க எல்லா வாய்ப்பையும் திரையே விழுங்கிவிடும். அந்த மெமரியைத் தொட பிராசஸர் கோட்டின் ஓரத்துக்காகக் காத்திருக்கணும். டிவியை விட்டுவிட்டு ஆபீஸ் மானிட்டர் மாதிரி 640க்கு 480 காட்டலாம் என்று 1990-இல் மேம்பட்ட சிப்கள் வந்தன. கோடுகள் இரண்டு மடங்கு வேகமாக ஓடணும், அப்போ ஒரு கோட்டுக்கு வாய்ப்பு பாதி. கிடைத்தது நாலே கலர். பிசியின் விஜிஏ அதே அளவில் 16 கலரை 1987-லேயே காட்டிக்கொண்டிருந்தது.

பெரிய அடி மூன்றாவது விஷயத்தில் விழுந்தது. அமிகா படத்தை அடுக்குகளாக வைக்கும். பிட்பிளேன் என்று பெயர். 32 கலர் என்றால் ஐந்து அடுக்கு, ஒவ்வொன்றிலும் ஒரு பிக்சலுக்கு ஒரு பிட். 320க்கு 200 திரைக்கு 40,000 பைட் போதும். பிக்சலுக்கு ஒரு பைட் என்று வைத்திருந்தால் 64,000 ஆகியிருக்கும். மொத்தமே 256 கிலோபைட் இருக்கும் மெஷினில் இது பெரிய மிச்சம். 1985-க்கு மிகச் சரியான முடிவு.

1992, 1993-க்கு வாருங்கள். வுல்ஃபென்ஸ்டைன், டூம். சுவரின் மேல் படத்தை ஒட்டி, பிக்சல் பிக்சலாகக் கணக்குப் போட்டு எழுதும் விளையாட்டுகள். விஜிஏயில் ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் எழுதினால் முடிந்தது. 1992-இல் வந்த அமிகா 1200-இல் 256 கலர் உண்டு, ஆனா அது எட்டு அடுக்கு. ஒரு பிக்சலை மாற்ற எட்டு இடத்தில் கை வைக்கணும். 1993-இல் வந்த சிடி32-இல் இதை மாற்றித் தருவதற்கென்றே அக்கிகோ என்ற சிப்பில் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். எட்டு வருஷம் முன்னால் மிச்சம் பிடித்ததற்கு வட்டி கட்டிய மாதிரி.

"அப்போ சிப்பை மாற்றியிருக்கலாமே, நிர்வாகம் பணம் போட்டிருந்தா?" இதுதான் வழக்கமான வாதம். அதில் உண்மை இருக்கு. 1987-இன் அமிகா 500-க்குள் இருந்தது ஏறக்குறைய 1985-இன் சிப்கள்தான். பௌலா கடைசி வரைக்கும் மாறவே இல்லை. 1992-இன் புதிய சிப் தொகுதியிலும் பிளிட்டர் பழைய 16 பிட் வேகத்திலேயே இருந்தது. கமோடோரை நான் காப்பாற்ற வரவில்லை.

ஆனா பணம் மட்டும் போதுமா என்று எனக்குச் சந்தேகம். அமிகா விளையாட்டுகள் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்காமல் நேராக சிப்பின் ரெஜிஸ்டரில் எழுதின. எந்தக் கோட்டில் எந்த நொடியில் கலர் மாறும் என்பது வரைக்கும் நம்பி எழுதப்பட்ட புரோகிராம்கள் அவை. நாம் ரசிக்கும் டெமோக்கள் எல்லாம் இந்தத் துணிச்சலில் பிறந்தவை. அட்டவணையை மாற்றினால் அவை உடையும். வைத்திருந்தால் டிவியின் பிடி விடாது. பிசியில் இந்தச் சிக்கல் குறைவு. திரைக்கு ஒரு கார்டு, சத்தத்துக்கு ஒரு கார்டு, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை. சவுண்ட் கார்டைக் கழற்றி வேறு போட்டால் திரைக்கு ஒன்றும் ஆகாது. அவலட்சணமான ஏற்பாடு, அதனால்தான் துண்டு துண்டாக வளர முடிந்தது.

என் வாதத்துக்கு எதிராக ஒன்றைச் சொல்லியாகணும். அமிகாவில் ஒரு பகுதி நிஜமாகவே காலத்தை முந்தியது: ஆட்டோகான்ஃபிக். விரிவாக்கக் கார்டைச் செருகினால் மெஷினே அதை அடையாளம் கண்டு முகவரி ஒதுக்கிக்கொள்ளும். பிசி பயன்படுத்தியவர்கள் 1990-களில் ஜம்பரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்தோம். எனக்கே அந்த அனுபவம் உண்டு. யாருமே கொண்டாடாத அம்சம் இது. ஆனா கவனியுங்கள், டிவியோடு எந்தத் தொடர்பும் இல்லாத பகுதி இது. உள்ளே என்ன இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், வருகிறவனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பகுதி.

அதனால் என் அளவுகோல் இப்போ மாறிவிட்டது. ஒரு பழைய மெஷினைப் பற்றி எழுதும்போது, அது அன்றைக்கு என்னென்ன செய்தது என்று பட்டியல் போட்டால் போதாது. அதன் எந்தப் பகுதியை மற்றதைத் தொடாமல் கழற்ற முடியும் என்றும் கேட்கணும். அமிகாவில் கழற்ற முடியாதவை எல்லாம் பிரமாதமாக இருந்தன. கமோடோர் 1994 ஏப்ரலில் கடையை மூடியபோதும் அவை அதே அட்டவணையில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

பழைய குறிப்பில் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி மாற்றியிருக்கிறேன்: "1985-இன் டிவிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அவ்வளவு கச்சிதமாகத் தைத்ததால் பிரித்துத் தைக்கத் துணி மிச்சம் இல்லை." பாராட்டு குறைந்துவிட்டது என்று அமிகா ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். தையல்காரர் மேல் எனக்கு இருக்கும் மதிப்பு மேனுவலைப் படித்த பிறகு கூடித்தான் இருக்கு.