ஐந்தரை ஆண்டும் நான்கரை நிமிடமும்

ஸ்டோன் ரோசஸ் குழுவின் இரண்டாவது ஆல்பத்தைப் போட்டால் முதலில் கேட்பது தண்ணீர் ஓடும் சத்தம். பிறகு காட்டு ஓசைகள். தூரத்தில் கிட்டார் முனகுகிறது. தாளம் எழுவதுபோல் எழுந்து அடங்குகிறது. பாட்டு பிடிபட ஏறத்தாழ நான்கரை நிமிடம் ஆகிறது. 1994 டிசம்பரில் அதை வாங்கியவர்களோ ஏற்கெனவே ஐந்தரை ஆண்டு காத்திருந்தவர்கள்.

'கஷ்டமான இரண்டாவது ஆல்பம்' என்பது பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகளில் அடிபட்டுப் பழகிய தொடர். கஷ்டம் யாருக்கு? கலைஞருக்கு என்றே எழுதுகிறார்கள். காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, மனம் சோர்ந்து உட்கார்ந்தவரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. அந்த ஏமாற்றமும் ஒரு விமர்சனம்தான் என்பது என் எண்ணம்.

மான்செஸ்டரின் ஸ்டோன் ரோசஸ் தாமதித்ததற்குக் காரணங்கள் இருந்தன. பழைய ஒலிப்பதிவு நிறுவனத்தோடு வழக்கு, 1991இல் விடுதலை, கெஃபன் நிறுவனத்தோடு புதிய ஒப்பந்தம், வேல்ஸின் ராக்ஃபீல்ட் ஸ்டுடியோவில் இழுத்தடித்த பதிவு, பாதியில் விலகிய தயாரிப்பாளர் ஜான் லெக்கி. ஆனால் தாமதத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 1989இல் வந்த முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டும் எட்டு நிமிடத்துக்கு மேல்தான். அதில் பாதி வெறும் வாத்தியம். அங்கே ரெனியின் டிரம்ஸும் மானியின் பேஸும் ஒன்றையொன்று துரத்தும். கேட்பவரின் கால் தானாக ஆடும். இரண்டாவதில் ஜான் ஸ்குவயரின் கிட்டார் லெட் செப்பலின் பக்கம் சாய்ந்து, மற்ற எல்லாவற்றின் மீதும் ஏறி நிற்கிறது. நால்வர் சேர்ந்து மூச்சு விட்ட இடத்தில் ஒருவரின் வித்தை. ரசிகர்கள் தேடியது அந்தக் கூட்டு மூச்சை. 1995இல் ரெனி போனார், அடுத்த ஆண்டு ஸ்குவயர் போனார், குழுவும் கலைந்தது.

இப்படிப்பட்ட ஏமாற்றம் இரண்டாவது ஆல்பத்துக்கு மட்டும் உரியதல்ல. ஓயாசிஸ் குழுவின் கதை வேறு. 1997 ஆகஸ்ட் 21இல் வெளியான 'பி ஹியர் நவ்' பிரிட்டனில் முதல் நாளே 4,20,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. பத்திரிகைகள் வாய் வலிக்கப் புகழ்ந்தன. சில மாதங்களில் அதே குறுந்தகடு பழைய பொருள் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடந்தது. இங்கே விமர்சகர்கள் தவறினார்கள், கேட்டவர்கள் தவறவில்லை. எழுபது நிமிடத்துக்கும் மேல், கிட்டாரின் மேல் கிட்டார், காதுக்கு இளைப்பாற ஓர் இடைவெளிகூட இல்லை. குழுவின் பாடலாசிரியர் நோயல் காலகர் தன் அருமையான பாடல்களில் பலவற்றை 1994 முதலே சிங்கிள்களின் பின்பக்கத்தில் அள்ளிப் போட்டுவிட்டார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பின்னாளில் அவரே இந்த ஆல்பத்தைக் கடிந்து பேசினார்.

இந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை, ஆறியவையும் உண்டு. 'ரூமர்ஸ்' பெற்ற பெருவெற்றிக்குப் பிறகு, அதையே மறுபடி செய்ய லிண்ட்சி பக்கிங்ஹாம் மறுத்ததால் பிறந்தது ஃப்ளீட்வுட் மேக்கின் 'டஸ்க்' (1979). இருபது பாடல்கள், இரட்டை இசைத்தட்டு. விற்பனை வெகுவாகச் சரிந்தது. இன்று அதைத் தேடிக் கேட்கிறார்கள். முந்தியதையே கூட்டிப் பெருக்கித் தந்த ஆல்பம் காலத்தால் தேறுவதில்லை; முந்தியதை விட்டுக்கொடுத்து வேறொன்றைத் தொட்ட ஆல்பத்துக்கு எப்போதாவது காது கிடைக்கிறது.

வீசர் குழுவின் 'பிங்கர்டன்' அப்படிப்பட்டது. 1994இன் முதல் ஆல்பம் பளபளப்பானது, விளையாட்டானது. அது தந்த புகழின் நடுவே குழுவின் பாடகர் ரிவர்ஸ் குவோமோ ஹார்வர்டில் மாணவராகச் சேர்ந்தார். ஒரு காலை நீட்டுவதற்கான அறுவை சிகிச்சை முடிந்து, இரும்புச் சட்டம் மாட்டிய காலோடு வகுப்புக்குப் போய்வந்த நாட்களின் தனிமையும் வெட்கமும் ஆசையும் 1996இல் பத்துப் பாடல்களாக வந்தன. தயாரிப்பாளர் கிடையாது, ஒலி கரடுமுரடு, குரல் பிசிறடிக்கும். ரோலிங் ஸ்டோன் வாசகர்கள் அதை அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். குவோமோவே நாணி, 2001இல் அதைப் பழித்தார். ஆனால் அதைக் கேட்ட பதின்வயதினர் தங்கள் வெட்கத்தை அதில் கண்டு பத்திரப்படுத்தினார்கள். 2004இல் அதே பத்திரிகை முழு மதிப்பெண் தந்தது. 2010இன் இறுதியில் குழு ஊர் ஊராக இரண்டிரண்டு இரவு மேடையேறியது: முதல் இரவு முதல் ஆல்பம், மறுநாள் முழுக்க 'பிங்கர்டன்'. அதன் கடைசிப் பாடலில் இரைச்சல் எதுவும் இல்லை. மரக் கிட்டாரோடு ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்கிறான்.