கரும்புத் தீவின் கணக்கு

சிறு நாடுகளின் பெருமை பேச வருவோர் நம்மிடையே முன்னர் சிங்கப்பூரைக் காட்டினர். இப்பொழுது மொரீசியசைக் காட்டுகின்றனர். 2022ஆம் ஆண்டில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதெனக் கைவிரித்த பின்னர் இவ்வழக்கம் பெருகிவிட்டது. அதுவும் நம்மைப்போல் ஒரு தீவு, அதுவும் பிரித்தானியர் ஆண்ட தோட்ட நாடு, அங்கும் பல இனம் பல மதம், அவர்கள் உயர்ந்தார்கள் நாம் தாழ்ந்தோம் என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். சென்ற தவணையில் எமது மேல்வகுப்பு மாணவர்கள் இதனையே விவாதப் பொருளாக எடுத்துக்கொண்டு குறிப்புக் கேட்டு வந்தனர். போற்ற வந்தவர்கள் வருமானப் புள்ளிகளை மாத்திரம் அறிந்திருந்தனர். தூற்ற வந்தவர்களோ 'வரி ஏய்ப்போரின் புகலிடம்' என்ற ஒரு தொடரை மாத்திரம் மனனம் செய்திருந்தனர். இரண்டு அரைகுறை அறிவுக்கும் நடுவே அந்நாட்டின் உழைப்பாளி மக்கள் காணாமற் போயிருந்தனர்.

மொரீசியசும் ரொட்ரிகசும் ஏனைய சிறு தீவுகளும் சேர்ந்து ஏறத்தாழ 2,040 சதுர கிலோமீற்றர் பரப்பு. நமது யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. மக்கள் தொகை பன்னிரண்டரை இலட்சம் அளவினது. பூர்வ குடிகள் என எவரும் அங்கு இருந்ததில்லை. ஒல்லாந்தர் வந்து போயினர். பிரெஞ்சுக்காரர் அடிமைகளைக் கொண்டுவந்து கரும்பு நட்டனர். 1810இல் பிரித்தானியர் தீவைக் கைப்பற்றினர். 1835இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது நட்டஈடு பெற்றவர்கள் அடிமைகளல்லர், அடிமைகளின் எசமானர்களே. நிலமும் ஆலையும் அவர்கள் கையிலேயே நிலைத்தன. அவ்விடத்தை நிரப்ப இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். 1834 முதல் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் அவ்வாறு வந்திறங்கினர். போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அவர்கள் ஏறிய கற்படிகள் 2006ஆம் ஆண்டு முதல் உலக மரபுரிமைச் சின்னம். பாரதி 'கரும்புத் தோட்டத்திலே' பாடலில் நினைந்து வருந்தியது பீஜித் தீவின் பெண்களை. ஆயினும் அதே கரும்பும் அதே ஒப்பந்தமுமே இங்கும் இருந்தன. நமது மலைநாட்டிற் கங்காணி என்று பெயர் பெற்றவன் அங்கே சர்தார் எனப்பட்டான். அவ்வளவே வேற்றுமை.

ஆனால் 1948ஆம் ஆண்டில் இரு தீவுகளின் பாதையும் பிரிந்தது. இதனை நம் நாட்டு மேடைப் பேச்சாளர் எவரும் எடுத்துரைக்கக் காணோம். அவ்வாண்டு மொரீசியசில் நடைபெற்ற தேர்தலில், தீவில் வழங்கும் மொழிகளில் ஏதேனும் ஒன்றில் எளிய முறையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்க்கெல்லாம் வாக்குரிமை கிடைத்தது. அதன் பொருட்டுக் கிராமந்தோறும் 'பைட்கா' எனப்படும் மாலைப் பள்ளிகளிற் கரும்பு வெட்டிய கைகள் எழுத்துப் பழகின. பன்னீராயிரம் அளவினதாய் இருந்த வாக்காளர் தொகை எழுபதினாயிரத்தைத் தாண்டியது. அதே 1948இல் நமது நாட்டுப் பாராளுமன்றம் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டில் மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளரின் வாக்கும் பறிபோயிற்று. தோட்டத் தொழிலாளியின் பேரன் அங்கே பிரதம மந்திரியாக முடிந்தமைக்கும், இங்கே நாடற்றவனாக நேர்ந்தமைக்கும் இடையிலுள்ள தூரம் பொருளாதாரக் கொள்கையின் தூரமன்று. மொரீசியசைப் பின்பற்றுவோம் என்று கூறுவோர் எந்த ஆண்டிலிருந்து பின்பற்ற விரும்புகின்றனர் என்று கேட்கத் தோன்றுகிறது.

1961இல் பிரித்தானியப் பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் மீட் இத்தீவைப் பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டார். பின்னர் 1977இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். ஏற்றுமதியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சீனி, நிலமோ குறைவு, மலேரியா ஒழிந்தபின் மக்கள் தொகையோ பெருகிக்கொண்டிருந்தது, இனப் பிணக்கும் இருந்தது. அமைதியான வளர்ச்சிக்கு வாய்ப்பு அரிது என்றே அவர் முடிவு கண்டார். அவர் அஞ்சியதற்கு ஆதாரமும் இருந்தது. 1967ஆம் ஆண்டுத் தேர்தலிற் சுதந்திரத்திற்கு எதிராகவே வாக்களித்தோர் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டனர். 1968 ஜனவரியில் தலைநகரில் இனக் கலவரம் மூண்டது. பிரித்தானியத் துருப்புகள் வந்திறங்கின. அவ்வாண்டு மார்ச் 12இல் சுதந்திரக் கொடி ஏறியது அத்தகைய சூழலிலேதான். 1972இல் நைபோல் அத்தீவைப் பற்றி எழுதிய கட்டுரையும் வேலையற்ற இளைஞரின் நம்பிக்கையிழப்பையே தீட்டியது. கட்டுரைத் தலைப்பிலேயே அதனை நெரிசல் மிகுந்த அடிமைக் கொட்டடி என்றார் அவர்.

மீடின் கணக்கில் ஏக்கரும் இருந்தது, ஆட்தொகையும் இருந்தது. இல்லாதது தொழிலாளரின் அமைப்புப் பலம். 1936இல் தொழிற்கட்சி தோன்றிற்று. 1937இல் கரும்புத் தோட்டங்களிற் கிளர்ச்சி எழுந்தது. 1943 செப்டெம்பரில் பெல் வூ ஹரல் தோட்டத்தில் வேலைநிறுத்தஞ் செய்தோர்மீது பொலிசார் சுட்டதில் நால்வர் மாண்டனர். நால்வர் பெயரும் தமிழ்ப் பெயர்களே. அவர்களுள் ஒருத்தி அஞ்சலை; அப்போது அவள் கருவுற்றிருந்தாள். இன்று அவள் பெயரால் அந்நாட்டில் ஒரு விளையாட்டரங்கு உண்டு. இக்கிளர்ச்சிகளின் நிழலிலேயே 1950இல் முதியோர் உதவிப் பணம் வந்தது. 1958 முதல் வருமானம் பாராது அனைவர்க்கும் வழங்கப்பட்டது. இதனைச் சற்று ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அக்காலத்தில் மொரீசியஸ் ஏழை நாடு; சீனி விலை ஏறினால் உண்ணும், இறங்கினால் வாடும். முதலில் நாடு செல்வஞ் சேர்க்கட்டும், பிறகு ஏழைக்குப் பங்கிடலாம் என்பது நமது பொருளியல் நிபுணர்களின் ஓயாத உபதேசம். மொரீசியசை மேற்கோள் காட்டுவோரும் அவர்களே. அங்கோ பங்கீடு செல்வத்திற்கு முன்னரே வந்துவிட்டது. பெருந்தோட்டங்களின் சீனி ஏற்றுமதிமீது வரி விதிக்கப்பட்டது. அதன் பயன் இலவச மருத்துவமாகவும் கல்வியாகவும் திரும்பியது.

நிலம் பொதுவுடைமையாக்கப்படவில்லை என்பது மெய்யே. பிரெஞ்சு வழிக் குடும்பங்கள் சிலவற்றின் கையிலிருந்த சீனி மூலதனம் பின்னர் விடுதிகளாகவும் வங்கிகளாகவும் ஆலைகளாகவும் கிளைத்தது. அரசு ஒரு கூட்டத்தார் கையில், செல்வம் மற்றொரு கூட்டத்தார் கையில் என்ற எழுதா ஒப்பந்தம் இன்றளவும் அந்நாட்டில் நிலவுகிறது. அமைதி அதனால் வந்தது என்பர். அந்த அமைதியின் விலையை யார் செலுத்தினர் என்பதே நமது வினா.

விலையின் பெரும்பகுதியைச் செலுத்தினோர் பெண்கள். 1970இல் ஏற்றுமதி உற்பத்தி வலயச் சட்டம் வந்தது. வரிவிலக்கு, தீர்வையற்ற இறக்குமதி, இவற்றோடு வேலைநேரம், வேலைநீக்கம் ஆகியன பற்றிய தொழிற்சட்டங்களிலிருந்தும் விலக்குகள் அளிக்கப்பட்டன. ஹொங்கொங் முதலாளிகள் வந்தனர். சீனி 1970களின் நடுவில் நல்ல விலைக்கு விற்றபோது உள்ளூர் மூலதனமும் சேர்ந்தது. 1975ஆம் ஆண்டு லோமே உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் ஐந்து இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட சீனியை ஐரோப்பா உயர்விலை கொடுத்து வாங்கியது. ஆடைகளுக்கும் அங்குச் சந்தை திறந்திருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஐவருக்கு ஒருவர் வேலையற்றிருந்த தீவில், அப்பத்தாண்டு முடியுமுன் வேலைக்கு ஆட்பஞ்சம் ஏற்பட்டது. இதனை அற்புதம் என்றனர். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு ஆடவரினும் குறைந்த அடிப்படைக் கூலி. 1984இல் அரசு ஆடவர்க்குரிய குறைந்தபட்சக் கூலிப் பாதுகாப்பை நீக்கியது. சமத்துவம் இவ்வழியாகவும் வரலாம் போலும்! ஆயினும் அப்பெண்கள் கையில் முதன்முறையாகச் சொந்தச் சம்பளம் வந்தது என்பதையும் மறைத்தலாகாது. கட்டுநாயக்க வலயத்திற்குச் சென்ற நமது மாணவியர் சிலரை நினைக்கும்போது, இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லாமல் இருக்க எமக்கு மனம் வரவில்லை.

பின்னர் அந்த முண்டுகோல்கள் ஒவ்வொன்றாய் அகற்றப்பட்டன. 2005இல் ஆடை வணிகப் பங்கீட்டு ஒப்பந்தம் காலாவதியாயிற்று. 2006 முதல் 2009 வரையில் ஐரோப்பா சீனி விலையை நூற்றுக்கு 36 வீதம் குறைத்தது. ஆலைகள் மூடின, எஞ்சியவற்றில் வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளர் பெருமளவில் அமர்ந்தனர். பழைய கூலிக் கப்பலின் இடத்தை விமானம் பிடித்துக்கொண்டது என்று கூறுவது மிகையாகலாம், முற்றிலும் பொய்யாகாது.

அடுத்து வந்தது நாணயத் தொழில். இந்தியாவுடன் செய்துகொண்ட வரி உடன்படிக்கையின் வாயிலாக, இந்தியாவிற் சம்பாதித்த இலாபத்துக்கு அங்கும் இங்கும் வரி செலுத்தாமல் தப்பும் வழி திறந்தது. இந்தியாவிற்குச் சென்ற அந்நிய முதலீட்டின் பெரும்பகுதி பல ஆண்டுகள் இச்சிறு தீவின் பெயரிலேயே சென்றது. 2016இல் இந்தியா உடன்படிக்கையைத் திருத்தியது. 2020இல் பணத் தூய்மையாக்கல் தடுப்பிற் குறைபாடுடைய நாடெனச் சாம்பற் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2021இல் நீக்கப்பட்டது. இங்கே தூற்றுவோர் கூற்றில் உண்மை உண்டு. பீகாரிலும் தமிழகத்திலும் பாடசாலை கட்ட வேண்டிய வரிப்பணம் போர்ட் லூயிசில் ஒரு பெயர்ப்பலகையின் பின்னால் மறைந்ததெனின், ஒப்பந்தக் கூலிகளின் பேரர்கள் தம் பாட்டனார் ஊருக்கே இழைத்த அநீதி அது. அவர்களிற் பெரும்பாலோர் அதனாற் பயனடையவுமில்லை.

ஆட்சிமுறையை நோக்குமிடத்து நமது பாராட்டும் கூடுகிறது, ஐயமும் கூடுகிறது. நிலையான இராணுவம் இல்லாத நாடு அது. தோற்ற பிரதமர் வீட்டுக்குப் போவார், மீண்டும் வெல்வார், மீண்டும் போவார். ஆயின் 1971இல் தொழிற்சங்க வேலைநிறுத்தங்களை அடக்க அவசரகாலச் சட்டம் பிறந்தது. தலைவர்கள் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். 1972இல் நடக்கவேண்டிய தேர்தல் 1976க்குத் தள்ளப்பட்டது. அதனை மீளப் பெற்றவர்களுள் மாணவர்க்குச் சிறப்பிடம் உண்டு. 1975 மே 20இல் ஆயிரக்கணக்கான மாணவர் தலைநகரை நோக்கி நடந்தனர். பாலத்தருகே பொலிசார் தடியும் கண்ணீர்ப் புகையும் கொண்டு எதிர்த்தனர். பின் வாக்களிக்கும் வயது பதினெட்டாயிற்று. 1977 முதல் இடைநிலைக் கல்வி இலவசமாயிற்று. இதைச் சொன்னபோது எமது வகுப்பிற் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அக்காலத்தில் இனத்தைவிட வர்க்கமே பெரிதென்று முழங்கி 1969இல் எழுந்த மொரீசியப் போர்க்குண இயக்கம் 1982இல் கூட்டணியாக நின்று முதன்மைத் தீவின் 60 ஆசனங்களையும் வென்றது. ஒன்பது மாதத்தில் அந்த அரசு பிளந்தது. நிதியமைச்சராயிருந்த பெரஞ்சே, தாம் எதிர்த்துவந்த சர்வதேச நாணய நிதியத்தின் சிக்கன வழியையே பின்பற்ற நேர்ந்தது. நம் நாட்டு இடதுசாரிகள் 1970களிற் கூட்டரசிற் புகுந்த கதையை அறிந்தவர்க்கு இதிற் புதுமை இராது.

அறுபதுக்குப் பூச்சியம் என்ற முடிவு 1995இலும் 2024இலும் திரும்ப வந்தது. நாட்டில் மூன்றிலொருவர் எதிர்த்து வாக்களித்தாலும் சபையில் அவர்கள் குரலுக்கு இடமில்லாது போகச் செய்வது அத்தேர்தல் முறை. சிறுபான்மையோர் விடுபடாதிருக்க 'சிறந்த தோல்வியாளர்' என்ற பெயரில் எட்டு ஆசனங்கள் வரை பின்னர் நிரப்பப்படும். அதற்காக வேட்பாளர் தாம் இந்துவா, முஸ்லிமா, சீனரா, பொதுக் குடியா என்று அறிவிக்க வேண்டும். கணக்கோ 1972ஆம் ஆண்டுக் குடித்தொகையிலேயே உறைந்து நிற்கிறது. 2012இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு இக்கட்டாயத்தைக் குறை கூறியது. சுதந்திரம் முதல் இன்றுவரை பிரதமரானோர் ஐவர். அவருள் நால்வர் ராம்கூலம், ஜக்நாத் என்னும் இரு குடும்பத்தினர். பொதுக் குடியென ஒதுக்கப்பட்ட, ஆபிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களுக்கு அற்புதத்திற் கிடைத்த பங்கு சொற்பம். 1999 பெப்ரவரியில் அவர்களின் பாடகன் காயா பொலிஸ் காவலில் மாண்டபோது நாடே பற்றியெரிந்தது.

தமிழர் நிலை பற்றியும் ஒரு சொல். 1998இல் வெளியான புதிய நாணயத் தாள்களில் தமிழெழுத்து இந்தி எழுத்துக்குப் பின்னே தள்ளப்பட்டதெனத் தமிழ் வழிவந்தோர் கிளர்ந்தனர். தாள்கள் மீளப் பெறப்பட்டன. வென்றது நன்றே. எனினும் அவர்களிற் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. தாளில் எழுத்தின் வரிசை காத்த ஆர்வம், அத்தாள் யார் கையிற் சேர்கிறதென்ற கேள்வியில் அவ்வளவு வேகங் காட்டவில்லை என்பது எமது குறை.

2020 ஜூலையில் உலக வங்கி மொரீசியசை உயர் வருமான நாடென அறிவித்தது. அம்மாதமே வக்காசியோ என்னும் கப்பல் பவளப் பாறையில் மோதியது. ஓகஸ்ட் 6இல் எண்ணெய் கசியத் தொடங்கியது. அதுவரை அரசு செய்தது சொற்பம். மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து மிதவைத் தடுப்புகள் செய்து கடலில் இறங்கினர். அதிகாரிகளிடம் விட்டுவிடுங்கள் என்று அரசு சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. ஓகஸ்ட் 29இல் தலைநகர் வீதிகள் நிறைந்தன. அடுத்த ஆண்டே உயர் வருமானப் பட்டமும் போயிற்று. 2024 தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன், தொலைபேசி ஒட்டுக்கேட்ட பதிவுகள் வெளியானமையால் அஞ்சிய அரசு சமூக ஊடகங்களைத் தடை செய்து, எதிர்ப்புக் கண்டு இரண்டொரு நாளிற் பின்வாங்கியது; தேர்தலில் ஓர் ஆசனமுமின்றித் துடைத்தெறியப்பட்டது.

புதிய அரசு 2025 ஜூனில் தன் முதல் வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தது. கருவூலம் கடனில் மூழ்கியிருக்கிறது என்றனர். அதில் மெய்யுண்டு. ஆயினும் கை வைத்த இடங்களில் முதன்மையானது எது? 1950இல் கரும்பு வெட்டியோர் பெற்ற அந்த முதியோர் பணம். அதனைப் பெறும் வயதை அறுபதிலிருந்து அறுபத்தைந்துக்குப் படிப்படியாய் உயர்த்தப் போவதாக அறிவித்தனர். அவ்வறிவிப்பை எதிர்த்துத் தொழிற்சங்கத்தார் மீண்டும் போர்ட் லூயிஸ் வீதிக்கு வந்தனர்.