கம்பியின் காது

மட்டக்களப்பு வாவியில் பாடுமீன் கேட்கப் போகிறவர்களுக்குத் தோணிக்காரர் ஒரு வழி சொல்லிக்கொடுப்பார். துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு, மறுநுனியைக் காதோடு ஒட்டிவைக்க வேண்டும். பூரணை இரவில் காற்றும் அடங்கியிருந்தால், மேலே ஓசையற்றுக் கிடக்கும் வாவி துடுப்பு வழியே ஏறிவந்து காதில் முனகும். 1848 செப்டெம்பரில் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் இந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். அது ஊரி குழறும் சத்தம் என்று ஊரார் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1950களில் இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் மைக்கையே நீருக்குள் இறக்கி அதைப் பதிவுசெய்தார்.

எலெக்ட்ரிக் கிற்றாரின் பிக்கப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துடுப்புத்தான் நினைவுக்கு வரும். கம்பி காற்றில் எழுப்பும் சத்தம் அதற்குத் தேவையில்லை. உள்ளேயிருக்கும் காந்தம் தனக்கு மேலே ஓடும் உருக்குக் கம்பியையும் கொஞ்சம் காந்தமாக்கி வைத்திருக்கும். கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், அந்த அசைவு செம்புச் சுருளில் மின்சாரமாகும். பரடே 1831இல் கண்ட விதி இது. கைவேலையின் அழகெல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1954இல் பெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராற்றோகாஸ்டரின் பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியிருக்கும் செம்புக் கம்பி 0.063 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு தலைமயிர் அளவு. ஏறக்குறைய எட்டாயிரம் சுற்று. அவிழ்த்து நீட்டினால் கல்லடிப் பாலத்தில் அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தும் மிச்சமிருக்கும். நம்முடைய உப்புக்காற்று முதலில் தேடிப்போவது இந்த நூலைத்தான். திருகாணி துருவேறுவது கண்ணுக்குத் தெரியும், சுருளுக்குள் ஓரிடத்தில் பச்சை பூத்துக் கம்பி அறுந்தால் தெரியாது. ஒரு நாள் திடீரென்று அந்த பிக்கப் ஊமையாகிவிடும். மீற்றர் வைத்துப் பார்த்தால் ஆறு கிலோ ஓம் காட்டவேண்டிய இடத்தில் முள் அசையவே அசையாது.

இந்த ஊரில் கிற்றார் புதுவரவு அல்ல. போர்த்துக்கேயர் கோட்டையை 1638இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அவர்கள் விட்டுப்போன மொழியும் கபரிஞ்ஞா ஆட்டமும் பறங்கியர் வீடுகளில் தங்கிவிட்டன. பறங்கியரின் கலியாண வீட்டில் வயலினோடு கிற்றாரும் இருக்கும். பிறகு நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் காலத்துப் பொப் பாடல்கள் வந்தன, தேவாலயப் பாடகர் குழுக்கள் வந்தன. மலிவான கிற்றார் வாங்கி, கையில் காசு சேரும்போது பிக்கப்பை மட்டும் மாற்றிப் பூட்டிக்கொள்ளும் வழக்கம் எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

மலிவான கிற்றாரில் பெரும்பாலும் இரும்புக் குச்சிகளுக்கு அடியில் ஒரு செரமிக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். குரல் உரத்துத்தான் கேட்கும், ஆனால் ஓரங்களில் கீறும். குச்சிகளே அல்னிக்கோ காந்தமாக உள்ள பிக்கப்பைப் பூட்டினால் அந்தக் கீறல் போய் மணி போன்ற தெளிவு வரும். இதைக் காதால் அறிந்தவர் பழைய பிக்கப்புக்குத் திரும்பமாட்டார்.

இடமும் பெரிய விஷயம். ஸ்ட்ராற்றோகாஸ்டரின் கம்பி நீளம் 25.5 அங்குலம். கழுத்துப் பக்க பிக்கப், பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ அதன் காற்பங்கில் நிற்கிறது. திறந்த கம்பியின் நான்காம் இசைக்கூறு அந்தப் புள்ளியில் அசைவதே இல்லை. ஆகவே பிக்கப்புக்கு அது கேட்பதில்லை, மிச்சமுள்ளவை உருண்டு திரண்டு வருகின்றன. பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்போ எல்லாவற்றையும் கேட்டுக் கூர்மையாகச் சொல்லும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் அரங்கேற்றிய யாழ்நூலில் நரம்பின் நீளத்தைக் கணக்கிட்டுக் கணக்கிட்டுத்தான் மறைந்துபோன யாழைத் தேடினார். அவருடைய சமாதி இருக்கும் கல்லடி உப்போடையைக் கடக்கும்போது இந்தக் காற்பங்குக் கணக்கு எனக்கு நினைவில் எழும். அவருக்கு இது பிடித்திருக்கும் என்றே நம்புகிறேன்.

முதன்முறை மூன்று பிக்கப்பையும் நானே மாற்றினேன். ஒவ்வொன்றும் தனியே நன்றாகப் பாடியது. நடுவையும் கழுத்தையும் சேர்த்தால் குரல் பேணிக்குள் இருந்து வருவதுபோல மெலிந்தது. கல்லடியில் விறாந்தையில் மேசை போட்டுத் திருத்தவேலை செய்யும் ஒரு மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் மீற்றரின் இரண்டு முனைகளையும் ஒரு பிக்கப்பின் வயர்களில் பிடித்து, திருப்புளியைக் காந்தக் குச்சியில் ஒட்டவைத்து, வெடுக்கென்று இழுத்தார். முள் வலப்பக்கம் துள்ளியது. அடுத்ததிலும் வலம். நடுவில் உள்ளதில் இடம்.

"இஞ்ச பாரு மனே, ரெண்டு பேர் போகச் சொல்லுறாங்க, ஒருத்தன் வரச் சொல்லுறான்."

இரண்டு வயர்களை மாற்றி ஒட்டினார், அவ்வளவுதான். ஆனால் ஒட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வொலியூம் பொட்டின் முதுகை உப்புத்தாளால் சுரண்டிப் பளபளப்பாக்கினார். சோல்டர் அயனை வயரில் வைத்துச் சூடேறும்வரை காத்திருந்து, ஈயத்தை அயனில் தொடாமல் வயரில் தொட்டார். ஈயம் தானாக உருகி, தண்ணீர் போல இழைகளுக்குள் ஓடியது. ஊதவில்லை, அசைக்கவில்லை. ஆறியபோது கண்ணாடி மினுக்கம். என்னுடைய ஒட்டுகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் கட்டிகட்டியாக இருந்தன. அத்தனையையும் கழற்றித் திரும்பச் செய்தார்.

நடு பிக்கப்பில் இன்னொரு நுட்பமும் இருந்தது. அதன் காந்தமும் சுருளும் மற்றவற்றுக்கு எதிர்த்திசை. இரண்டுமே திரும்பியிருப்பதால் கம்பியின் குரல் கூடிவருகிறது. வெளியிலிருந்து புகும் மின் இரைச்சலுக்குக் காந்தம் ஒரு பொருட்டல்ல, சுருள் மட்டுமே கணக்கு. ஆகவே அது ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. 1955இல் கிப்சனில் செத் லவர் இரட்டைச் சுருள் பிக்கப்பைச் செய்ததும் இதே அறிவால்தான். ஸ்ட்ராற்றோகாஸ்டரில் இப்படி இரண்டைச் சேர்த்துக் கேட்க 1977வரை ஒழுங்கான சுவிட்ச் நிலையே இல்லை. வாசிப்பவர்கள் மூன்று நிலைச் சுவிட்சை நடுவழியில் சிக்கவைத்துத்தான் அந்தக் குரலை எடுத்தார்கள்.

மாமா மூடியைப் பூட்டி, அம்பிளிபையரை ஓன் பண்ணி, சுவிட்சைக் கழுத்து பிக்கப்பில் வைத்தார். உம்மென்று இரைந்தது. கம்பிகளைத் தொட்டதும் பாதி அடங்கியது. பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் பிடித்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. சுவிட்சை ஒரு நிலை நகர்த்தினார். இரைச்சல் சுத்தமாக நின்றது. வாவிப் பக்கமிருந்து வந்த காற்று மட்டும் விறாந்தையில் கேட்டது.

ஆறு எட்டுத் தாளத்தில் கபரிஞ்ஞாவின் இரண்டு வரி வாசித்தார். தடித்த கம்பியின் சுருதி இலேசாக ஆடியது. காந்தம் அதிகம் நெருங்கிக் கம்பியை இழுக்கிறதாம். திருப்புளியை எடுத்து அந்தப் பக்கத்தை அரைச் சுற்று இறக்கினார், தட்டிக் கேட்டார், இன்னும் கால் சுற்று இறக்கினார்.

"இப்ப நீ வாசி, மனே" என்று கிற்றாரை என் மடியில் வைத்தார்.