அளந்து பாருங்கள், அப்போது தெரியும் மரம்!

எங்கள் வட்டாரத்து மரப் பிரியர்கள் சேர்ந்து நடத்தும் பெரிய மரப் போட்டிக்காக நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் எனக்குப் பசியும் தெரியாது, வெயிலும் தெரியாது. அப்படி ஒரு ஆனந்தம்!

புள்ளி போடுவது சுலபம். அமெரிக்காவில் 1940-இல் சாதனை மரங்களைப் பட்டியலிடத் தொடங்கிய ‘அமெரிக்கன் ஃபாரஸ்ட்ஸ்’ அமைப்பின் கணக்கைத்தான் நாங்களும் வைத்திருக்கிறோம். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு அங்குலத்தில். மரத்தின் உயரம் அடியில். கிளைப்பரப்பின் சராசரி அகலத்தில் கால் பங்கு, அதுவும் அடியில். மூன்றையும் கூட்ட வேண்டியதுதான். சுற்றளவு 200 அங்குலம், உயரம் 80 அடி, கிளை விரிவு 60 அடி என்றால் 295 புள்ளி. இனத்துக்கு ஒரு சாம்பியன் என்பதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. வேம்பு ஆலோடு மோத வேண்டியதில்லை. வேலியோரக் கொன்றைக்கும் பட்டம் உண்டு!

உயரம் அளக்க மரமேற வேண்டாம், ஒரு குச்சி போதும். கையை நீட்டிக் குச்சியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். பிடிக்கு மேலே இருக்கும் நீளமும் கண்ணுக்கும் கைக்கும் உள்ள தூரமும் ஒன்றாக இருக்கட்டும். சமதரையில் பின்னோக்கி நடந்து போனால், ஓரிடத்தில் மரத்தின் அடியிலிருந்து நுனிவரை அந்தக் குச்சிக்குள் அடங்கிவிடும். அங்கிருந்து மரம்வரை எவ்வளவு தூரமோ, அதுதான் உயரம். முதல் தடவை செய்து பார்த்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

பவானி ஆற்றங்கரையில் ஒரு நீர்மருதை அளந்துகொண்டிருந்தோம். பட்டை உரிந்து வெளுத்த, வழுவழுப்பான அடிமரம். நாடா ஒரு பக்கம் வழுக்கி இறங்க, நண்பர் மறுபக்கம் தூக்கிப் பிடிக்க, இருவர் கையும் சந்திக்கவே இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி பதறி ஓடிவந்தார்.

“ஏங்கண்ணு, மரத்த வெட்டப் போறீங்களா?”

“இல்லீங்க ஆத்தா, இது போட்டிக்கு. பெரிய மரம்னு பேர் வாங்கித் தரத்தான் அளக்கறோம்.”

பாட்டியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! நாடாவின் நுனியைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அவர் பயந்ததும் நியாயம்தான். சாலை ஓரங்களில் மரத்தை அளந்து எண் போட்டால், அடுத்து ரம்பம் வருவதைத்தான் நம் ஜனங்கள் கண்டிருக்கிறார்கள். எங்கள் நாடா அந்த வழக்கத்தைத் திருப்பிப் போடுகிறது. டாப்ஸ்லிப் தாண்டிப் பரம்பிக்குளம் போனால் கன்னிமாரா தேக்கைப் பாருங்கள். பெரிய மரம் என்பதற்காகவே இந்திய அரசின் ‘மகாவிருட்ச புரஸ்கார்’ வாங்கிய மரம் அது. அதைப் பார்ப்பதற்கென்றே அந்தக் காட்டுக்கு ஜனங்கள் வருகிறார்கள். பேரும் புகழும் ஒரு மரத்துக்கு எவ்வளவு பெரிய வேலி!

உங்கள் ஊரிலும் ஓர் இலுப்பையோ புளியோ அளக்க ஆளில்லாமல் நிற்கும். ஒரு கயிறும் அடிஸ்கேலும் எடுத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். வந்த அளவை ஊர் முழுக்கச் சொல்லுங்கள்!