வீடு யார் பெயரில்?

நாட்டுப் பிரிவினை வட இந்திய முஸ்லிம் குடும்பங்கள் பட்டு உணர்ந்த துயரம். தென்கோடியில் வாழும் நமக்கு அது பெரிதும் கேட்டும் படித்தும் அறிந்த செய்தியே. நமது குமரி மாவட்டத்திலும் ஓர் எல்லைக்கோடு வரையப்பட்டதுண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கான போராட்டத்தில், 1954இல், துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்கள் பலியானதையும் நாம் மறந்துவிடவில்லை. ஆயினும் கோடு வரையப்பட்ட அன்று ஊர் ஊராக மக்கள் மூட்டை கட்டவில்லை. பேச்சிப்பாறை அணையும் அதைச் சூழ்ந்த மலையும் ஒரே நாளில் மாநிலம் மாறின. நாஞ்சில் நாட்டு வயலில் களை பறித்துக் கொண்டிருந்த பெண் களை பறித்துக் கொண்டேயிருந்தாள்.

1947இன் கோடு அத்தகையதன்று. அதற்குமுன் இந்திய மண்ணை மிதித்தே அறியாத சிரில் ராட்கிளிஃப் அவ்வாண்டு ஜூலை 8ஆம் நாள் வந்திறங்கினார். ஏறத்தாழ ஐந்து வாரங்களில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிளந்து கோடிட்டார். விடுதலை நாள் கழிந்து இரண்டு நாட்களுக்குப் பிறகே, ஆகஸ்ட் 17இல், அக்கோடு வெளியிடப்பட்டது. தாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை அறியாமலே இலட்சக்கணக்கானோர் விடுதலை நாளைக் கழித்தனர். அந்தக் கோடு ஒரு வீட்டின் நடுவே சென்றால் என்ன ஆகும்? அவ்வீட்டில் வாழ்வோர் சமுதாயம் ஏறெடுத்தும் பாராத பெண்களாக இருந்தால் என்ன ஆகும்? இந்த வினாவின்மேல் எழுந்ததே ஸ்ரீஜித் முகர்ஜி 2015இல் வங்க மொழியில் எடுத்த 'ராஜ்காஹினி'. அதையே அவர் 2017இல் 'பேகம் ஜான்' என்று இந்தியில் மீண்டும் எடுத்தார். வித்யா பாலன் தலைமைப் பாத்திரம் ஏற்றார்.

கதை நடக்குமிடம் ஒரு விலைமகளிர் விடுதி. இத்தகைய படத்தைக் குறித்து, குடும்பங்கள் படிக்கும் இதழில் எழுதலாமா என வாசகர் சிலர் வினவக்கூடும். தாகத்தால் நாக்குத் தொங்கிய நாய்க்குக் காலணியில் நீர் முகந்து ஊட்டிய ஒரு விலைமகளை இறைவன் மன்னித்தான் என்னும் நபிமொழியை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். யாரைப் பற்றிப் பேசவே கூடாது என நாம் முகம் திருப்பிக் கொள்கிறோமோ, அவர்களது துயரத்திற்கும் செவிசாய்க்கச் சொல்வது நமது மார்க்கம்.

இனிப் படத்துக்கு வருவோம். காங்கிரசின் சார்பில் ஒருவரும் முஸ்லிம் லீகின் சார்பில் ஒருவருமாக இரு அதிகாரிகள் விடுதிக்கு வருகின்றனர். இருவரும் பழைய நண்பர்கள். கம்பிவேலி இவ்வீட்டின் ஊடே செல்லவிருக்கிறது, காலி செய்யுங்கள் என்கின்றனர். பேகம் ஜான் மறுக்கிறாள். பல சாதியையும் பல சமயத்தையும் சேர்ந்து அங்கே வந்து விழுந்த பெண்கள் அவளோடு நிற்கின்றனர். அந்தப் பெண்களை அங்கே தள்ளியபோது எந்த நாடும் அவர்களைத் தன் மக்களென உரிமை கொண்டாடவில்லை. வீட்டைப் பறிக்கும்போது மட்டும் இரு நாடுகள் வாசலில் வந்து நிற்கின்றன. இந்த முரணைப் படம் நன்றாகவே பிடித்திருக்கிறது. அதிகாரிகள் இருவரும் பேசும் காட்சிகளில் அவர்தம் முகங்கள் பாதி பாதியாகவே திரையில் தெரிகின்றன. ஒரு வசனமும் இன்றிப் பிரிவினையைச் சொல்லிவிடும் அந்த உத்தி பாராட்டத்தக்கது.

குறை எங்கே தொடங்குகிறதென்றால், அப்பெண்களின் எதிர்ப்பை எப்படிக் காட்டுவது என்னுமிடத்தில். இயக்குநர் அவர்கள் கையில் துப்பாக்கியைத் தருகிறார். வாயில் முழக்கத்தைத் தருகிறார். அங்கே அரிசி எங்கிருந்து வந்தது, நோயுற்றவளை யார் பார்த்தார்கள், வெளியேறினால் அவர்கள் போவதற்கு ஓரிடம் உண்டா என்பனவற்றிலெல்லாம் அவர் மனம் நிலைகொள்ளவில்லை. இறுதியில் விடுதி தீப்பற்றி எரிகிறது. எஞ்சிய பெண்கள் கதவை அடைத்துக்கொண்டு புன்முறுவலோடு அத்தீயில் மாய்கின்றனர். அவ்வேளையில் ஒரு மூதாட்டி சித்தூர் இராணி பத்மினி தீப்பாய்ந்த கதையைச் சொல்லிக் கொண்டிருக்கிறாள். திரையரங்கு கண் கலங்குகிறது. நமக்கோ கண்ணீரைக் காட்டிலும் கேள்வியே மிகுகிறது.

உயிர் இறைவன் தந்த அமானிதம். அதைத் தானே அழித்துக் கொள்வதை நமது மார்க்கம் தடுத்திருக்கிறது. அதனால் மட்டும் இம்முடிவை நாம் மறுக்கவில்லை. தன் வீட்டில் வாழவே அந்தப் பெண் போராடினாள். அவளைச் சாகடித்து அதற்கு வீரம் என்று பெயரிட்டால், அவளை வெளியேற்ற வந்தவனுக்கு வேலை எளிதாகிவிடுகிறது. நிலம் அவனுக்கு, புகழ் அவளுக்கு என்று பங்கீடு முடிந்துவிடுகிறது. 1947 மார்ச்சில் இராவல்பிண்டிப் பகுதியைச் சேர்ந்த தோஆ கால்சா என்னும் ஊரில் சீக்கியப் பெண்கள் பலர் மானம் காக்க வேண்டிக் கிணற்றில் குதித்து மாண்டனர். பின்னாளில் அது தியாகமாகப் போற்றப்பட்டது. பாகிஸ்தானியப் பெண் இயக்குநர் சபிஹா சுமர் 2003இல் எடுத்த 'காமோஷ் பானி' என்ற படம், அப்படிக் கிணற்றில் குதிக்க மறுத்து ஓடிய ஒரு பெண்ணைக் காட்டுகிறது. அவள் ஆயிஷா என்ற பெயரோடு, பிள்ளை பெற்று, சிறுமியர்க்குக் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுத்து வாழ்கிறாள். பல்லாண்டுகளுக்குப் பின் பழைய உறவும் புதிய வெறியும் சேர்ந்து அவளை அதே கிணற்றுக்குத் துரத்துகின்றன. ஆனால் அந்த மரணத்தை அப்படம் கொண்டாடவில்லை. குற்றமாகவே நம் முன் வைக்கிறது. துயரத்தைக் காட்டுவதற்கும் அதை அலங்கரிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

வீட்டை விட்டு அகல மறுத்த ஒரு பெண்ணை நமது திரையுலகம் உண்மையாகக் காட்டிய படம் எதுவெனக் கேட்டால், எம்.எஸ். சத்யுவின் 'கர்ம் ஹவா'வையே நாம் சுட்டுவோம். இஸ்மத் சுக்தாயின் கதையைத் தழுவிக் கைஃபி ஆஸ்மியும் ஷமா ஜைதியும் திரைக்கதை அமைத்த இப்படம் 1973இல் உருவாகி, தணிக்கையில் மாதக்கணக்கில் தடைபட்டுப் பின்னரே மக்களிடம் வந்தது. கதையின் நாயகர் ஆக்ராவில் செருப்புத் தொழில் நடத்தும் சலீம் மிர்சா. உறவினர் ஒருவர் பின் ஒருவராகப் பாகிஸ்தானுக்கு இரயிலேறுகின்றனர்; அவர் வழியனுப்பிவிட்டுத் திரும்புகிறார். பல்ராஜ் சாஹ்னி அப்பாத்திரமாகவே வாழ்ந்து காட்டிவிட்டு, படம் வெளிவருமுன் காலமானார்.

அந்த வீட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறார், சலீமின் தாயார். அரசு வீட்டை எடுத்துக்கொண்டது, காலி செய்ய வேண்டும் என்றதும் அவர் துப்பாக்கி எடுக்கவில்லை, முழக்கமிடவும் இல்லை. எல்லோரும் சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவரைக் காணவில்லை. தேடினால், விறகு அடுக்கிய இருட்டறையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. பிறகு வாடகை வீட்டில் உயிர் ஊசலாடுகையில் அவருக்குத் தம் வீட்டின் நினைவே. புதிதாகக் குடியேறிய சிந்தி வணிகரிடம் அனுமதி பெற்று, பல்லக்கில் வைத்து அங்கே கொண்டு செல்கின்றனர். மணப்பெண்ணாய் அவ்வாசலில் வந்திறங்கிய நாளின் ஓசைகள் அவர் காதில் கேட்கின்றன. அங்கேயே அவர் உயிர் அடங்குகிறது. நம் வீடுகளில் இப்படியொரு பாட்டியைக் காணாதவர் யார்? அதனால்தான் அந்த விறகறை, 'பேகம் ஜா'னின் தீயைவிட நம்மை மிகுதியாகச் சுடுகிறது.

இம்மூதாட்டியாக நடித்தவர் பதர் பேகம். இளமையில் நடிக்கும் ஆசையோடு பம்பாய் சென்று, வாய்ப்பின்றித் திரும்பி, ஆக்ராவின் விலைமகளிர் தெருவிலேயே வாழ்வைக் கழித்தவர். கண்ணில் திரை விழுந்த எழுபது வயதில் இவ்வாய்ப்பு அவரைத் தேடி வந்தது என்று படக்குழுவினர் சொல்லியிருக்கின்றனர். ஒரு படத்தில் புகழ்பெற்ற நடிகை விலைமகளாக வேடமிட்டார். மற்றொன்றில் அத்தெருவிலிருந்து வந்த ஒருவர், ஒரு கண்ணியமான குடும்பத்தின் தாயாக நம் முன் அமர்ந்து நம்மை அழ வைத்தார். எந்தப் படம் அத்தகைய பெண்களுக்குக் கூடுதல் மதிப்புச் செய்தது என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

'கர்ம் ஹவா'விலும் ஓர் இளம்பெண் உயிரை மாய்த்துக் கொள்கிறாள். மணம் பேசிய இருவரும் எல்லைக்கு அப்பால் போய்விட, கைவிடப்பட்ட அமீனா அவள். ஆனால் அங்கே இசை முழங்குவதில்லை. தந்தையின் முகம் இடிந்து போவதைத்தான் காண்கிறோம்.

இவ்வளவு சிறந்த படமும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுண்டு. அந்த வீடு ஏன் பறிபோயிற்று? சலீமின் அண்ணன் ஹலீம் பெயரில் பத்திரம் இருந்தது. முஸ்லிம் லீகின் தலைவராக மேடையில் முழங்கிய ஹலீம் ஓசையின்றிப் பாகிஸ்தான் போய்விட்டார். வெளியேறியவர் சொத்தென்று அரசு அதைக் கைப்பற்றியது. பெயரை மாற்றிக் கொள்ளும்படி காலத்தே கேட்டிருக்க வேண்டாமா என்று சலீமின் மனைவி ஜமீலா இடித்துரைக்கிறாள். வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்த அந்த உண்மை ஆண்களுக்குப் படவில்லை.

நாம் இன்னும் ஓரடி முன்னே சென்று கேட்கிறோம். அந்த மூதாட்டிக்கு அவ்வீட்டில் பங்கே கிடையாதா? கணவன் பிள்ளைகளை விட்டு இறந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு உண்டு. பிள்ளைகளுள்ள மகன் இறந்தால் தாய்க்கு ஆறில் ஒரு பங்கு உண்டு. குர்ஆனின் 'அன்னிஸா' அத்தியாயம் வகுத்த கணக்கு இது. எவர் தயவிலும் வருவதன்று. கணவர் வழி வந்த அந்த மாளிகையில் அப்பங்கு எழுத்தில் ஏறியிருந்தால் நிலைமை வேறாகியிருக்கலாம். வெளியேறியவரும் வெளியேறாதவரும் கூட்டாக உரிமை கொண்ட சொத்துகளில் வெளியேறாதவர் பங்கைப் பிரித்துத் தருவதற்கென்றே 1951இல் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் பங்கு இருக்கிறதென்று காட்ட ஒரு தாள் வேண்டுமே! மணமாகி வந்தது முதல் அவ்வீட்டின் அடுப்பை எரித்தவரிடம் அந்தத் தாள் இல்லை. பேகம் ஜானிடமும் இல்லை. விடுதிப் பெண்ணும் மாளிகைப் பெண்ணும் சமமாகும் இடம் இதுவே.

பேச்சிப்பாறையிலிருந்து நோக்கினால் இது இன்னும் தெளிவாகிறது. கோதையாற்றின் குறுக்கே 1897இல் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்ட அணை நாஞ்சில் நாட்டின் நெல்லை வாழ வைத்தது. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணையருகே இருக்கிறது. அவர் பெயரை நாம் அறிவோம். நீர் தேங்கி மூழ்கிய காட்டைத் தம் வாழ்விடமாகக் கொண்டிருந்த காணிக்காரர்களில் ஒரு பெண்ணின் பெயரையேனும் நாம் அறிவோமா? காணி என்னும் சொல்லுக்கே நில உரிமை என்று பொருள். தம் இனப் பெயரிலேயே உரிமையைச் சுமந்தவர்கள், தாளில் அதைப் பெறவில்லை. நீர்ப்பரப்புக்கு அப்பாலுள்ள அவர்தம் குடியிருப்புகளிலிருந்து சந்தைக்கும் மருத்துவமனைக்கும் பெண்கள் படகேறி வருகின்றனர். துப்பாக்கியும் தீயும் இல்லாத இந்த எதிர்ப்பு, நூறாண்டுக்கு மேலாக அங்கேயே இருந்து வருவது என்பதுதான். அதைப் படமெடுக்க இதுவரை யாரும் முன்வந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

ஆயினும் ஒரு மாற்றம் நேர்ந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டு நிலத்தில் வாழ்வோர்க்கு உரிமைப் பட்டயம் வழங்கும்போது கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்த்தே பதிய வேண்டும் என்கிறது. மலையில் வாழும் பெண்ணின் பெயர் தாளில் ஏற நாடு 2006 வரை காத்திருந்தது. நமக்கோ அந்த உரிமை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அருளப்பட்டுவிட்டது. அதை நாம் என்ன செய்தோம்?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு தருவது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். அங்கே வாசற்படி பெண்ணுடையது. பிற ஊர்களில் வாப்பா மறைந்த நாற்பது நாட்களுக்குள் சகோதரிகளை அழைத்து உட்கார வைத்து, விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். 'காக்காவிடம் போய்ப் பங்கு கேட்பதா' என்று அந்தப் பெண்ணும் நாணத்தோடு ஒப்பமிடுகிறாள். பின்னொரு நாள் அவள் விதவையாகவோ கைவிடப்பட்டோ பிறந்த வீட்டு வாசலுக்கு வரும்போது, அந்த வீடு மதினியின் வீடாகியிருக்கிறது. ராட்கிளிஃப் வராமலே நம் வீடுகளுக்குள் ஒரு கோடு விழுந்துவிடுகிறது.

'கர்ம் ஹவா' 2014இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. இன்று அதைத் தேடிப் பார்ப்பது அரிதன்று. குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தக்க படம் அது. மூதாட்டியை விறகறையிலிருந்து தூக்கிச் செல்லும் காட்சியில் நாம் அழுதால் போதாது. படம் முடிந்ததும் வீட்டுப் பத்திரத்தை எடுத்து விரித்து, அதில் உம்மாவின் பெயரும் சகோதரியின் பெயரும் உண்டா என்று பார்ப்போமாக. இல்லையெனில், பங்கைப் பிரித்து எழுத நாளைக்கே ஆலிமையும் ஆவண எழுத்தரையும் அணுகுவோமாக.